கன்னி மூலையில் ஒரு துப்பாக்கிப் பீரோ

காலை எட்டு மணி பத்து நிமிடம். நாச்சிமுத்து வீட்டுப் படுக்கையறைக்குள் நுழைந்ததும் முதலில் என் கண்ணில் பட்டது பீரோக் கதவின் நடுவில் இருந்த சந்தனப் பொட்டு. அதன் மேல் குங்குமம். பொட்டைச் சுற்றிலும் கடப்பாரை குத்திய பள்ளங்கள். பொட்டின் மேல் ஓர் அடிகூட விழவில்லை. பீரோவின் தலையில் இருந்த முருகன் படத்தைத் திருடர்கள் முதலில் எடுத்து, கட்டிலில் தலையணை மேல் சாய்த்து வைத்திருந்தார்கள். அதன் பிறகுதான் வேலையைத் தொடங்கியிருக்கிறார்கள்.

சத்தியமங்கலத்தைத் தாண்டி, மலை பக்கத்தில் தெரிகிற ஒரு தோட்டத்து வீடு அது. அந்தப் பீரோ, நாச்சிமுத்துவின் ஒற்றைக்குழல் துப்பாக்கிக்காக நான் மாட்டிக் கொடுத்தது. தேர்தல் வந்தால் உரிமம் உள்ள துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வார்கள். அந்தத் தேர்தலுக்கு ஒப்படைக்கக் கடைசி நாள் அன்றுதான். மாலை ஐந்து மணிவரை கெடு. பீரோவோ சாவி போட்டும் திறக்கவில்லை.

இப்போது என் பழைய கம்பெனியில் கைரேகைப் பூட்டு வைத்த துப்பாக்கிப் பீரோ வந்திருக்கிறது. விரலை வைத்தால் திறக்கும். அதை மாட்டப் போகும் பிட்டர்கள் வாட்ஸாப் குழுவில் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார்கள்: சாவிப் பூட்டுக் காலத்தில் எது ரொம்பச் சிரமமான வேலை? தரையில் போல்ட் இறக்குவதுதானே என்று ஒருவரே பதிலும் எழுதியிருந்தார். தரையில் போல்ட் இறக்குவது அரை நாள் வேலை. அதில் சிரமம் ஒன்றுமில்லை. எது சிரமம் என்பதற்கு இந்தக் கட்டுரை.

நான் சிங்காநல்லூரில் இரும்புப் பீரோ செய்யும் பட்டறையில் சேர்ந்தேன். சில வருடம் தகடு வெட்டினேன், சில வருடம் கீல் வைத்தேன், பிறகு பூட்டுக்கு மாற்றினார்கள். அந்த வருடங்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. வலது காது கொஞ்சம் மந்தமானது அப்போதுதான். பிறகு வெளியூர் சர்வீஸுக்கு அனுப்பினார்கள். அங்கே என் மேலாளாக இருந்தவர் போர்மேன் கோபால்சாமி.

கோபால்சாமியின் கோபத்தைப் புரிந்துகொள்ளப் புதியவர்களுக்கு ஒரு வருடமாவது ஆகும். அவர் கத்த மாட்டார். முகமும் மாறாது. மரியாதை ஏறும். எல்லாம் சரியாக நடந்தால் நான் அவருக்குக் "கண்ணு". "கண்ணு, அந்த ஸ்பானரை எடு" என்பார். வேலையில் சிறு பிசகு இருந்தால் "நீங்க" வரும். "நீங்க இந்த போல்ட்டை எதுல முறுக்கினீங்க?" என்று கேட்டால் போல்ட்டைக் கழற்ற வேண்டும். "சார்" என்று அழைத்தால் அன்றைக்கு வீட்டுக்குச் சீக்கிரம் போக முடியாது. ஒருமுறை தாராபுரத்தில் ஒரு பெட்டகத்தின் இரண்டு சாவிகளையும் உள்ளே வைத்தே பூட்டிவிட்டு வந்த ஒருவரை அவர் "ஐயா" என்று அழைத்தார். அந்த மனிதர் மறுவாரமே ஒரு நூல் மில்லில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். கோவைக்கு வெளியூரிலிருந்து வந்த ஒரு மேனேஜர், கோபால்சாமி தொழிலாளர்களிடம் மிகவும் பணிவானவர் என்று பாராட்டிப் பேசினார். நாங்கள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

துப்பாக்கியை வீட்டில் வைத்திருப்பவர்கள் அதைப் பூட்டி வைக்க ஓர் இடம் காட்ட வேண்டும் என்று உரிமம் புதுப்பிக்கும்போது கேட்கத் தொடங்கியதும், எங்களுக்கு ஆர்டர் வர ஆரம்பித்தது. துப்பாக்கிப் பீரோ சாதாரண பீரோவில் பாதி அகலம். ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் குறைவு. உள்ளே துப்பாக்கியை நிறுத்த ஒரு பள்ளமும் குழலைப் பிடித்துக்கொள்ள ஒரு கவ்வியும் இருக்கும். ஆளில்லாத வீட்டில் திருடன் பீரோவைத் திறக்கப் பார்ப்பதில்லை. அப்படியே பெயர்த்துத் தூக்கிக்கொண்டு போய், ஏதாவது கரும்புக் காட்டில் வைத்து நிதானமாக உடைப்பான். அதனால் பீரோவைத் தரையோடும் சுவரோடும் கட்ட வேண்டும். போல்ட்டுகள் உள்ளேயிருந்து வெளியே போக வேண்டும், அப்போதுதான் கதவு திறக்காமல் கழற்ற முடியாது. கொங்கு நாட்டுப் பழைய வீடுகளில் சுவர் மண் சுவராக இருக்கும். அதில் போல்ட் இறக்கினால் கையால் இழுத்தாலே வந்துவிடும். கான்கிரீட் தூண் இருக்கிற இடமாகப் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் தரையைத் தோண்டிப் புதிதாகக் கான்கிரீட் போட வேண்டும். கீல் இருக்கிற பக்கம் சுவரை ஒட்டி இருந்தால் கடப்பாரையை நெம்ப இடம் கிடைக்காது. தோட்டாவுக்கு வேறு அறையில் சின்னப் பெட்டி, வேறு சாவி. பீரோ எங்கே இருக்கிறது என்பது வீட்டில் இருப்பவர்களைத் தவிர யாருக்கும் தெரியக் கூடாது.

கடைசி வரியைத் தவிர மற்ற எல்லாவற்றையும் எங்கள் மக்கள் ஒழுங்காகச் செய்வார்கள்.

கோவை நகரத்துக்குள் ஒரு பெரிய பங்களாவில் எண் பூட்டு வைத்த பீரோ மாட்டினோம். வீட்டுக்காரர் தொழிலதிபர். யாருக்கும் தெரியாத ஓர் எண்ணை வைத்துக்கொள்ளுங்கள் என்று கோபால்சாமி சொன்னார். வீட்டுக்காரர் எங்களை வெளியே போகச் சொல்லிவிட்டு, தனியாக நின்று எண்ணைப் பதித்தார். கிளம்பும்போது வாசலில் அவருடைய நான்கு கார்களும் நின்றன. நான்குக்கும் ஒரே எண். ஸ்கூட்டருக்கும் அதே எண். கோபால்சாமி திரும்பி வீட்டுக்குள் போய், "சார், அந்த நம்பர் மட்டும் வேண்டாமுங்க" என்றார். வீட்டுக்காரர் அதிர்ந்து, எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டார்.

நாச்சிமுத்துவின் வீட்டுக்குப் பீரோ மாட்டப் போனது அந்தத் தேர்தலுக்கு ஒன்றரை வருடம் முன்பு. நாச்சிமுத்து அறுபதை நெருங்கியவர், மக்காச்சோளமும் வாழையும் போடுபவர். துப்பாக்கி அவருடைய அப்பா காலத்தில் வாங்கியது. காட்டுப்பன்றி இறங்கினால் வானத்தைப் பார்த்து ஒரு வெடி போடுவார். பன்றியைச் சுடுவதில்லை. "சத்தந்தானுங்க வேணும், கறியா வேணும்" என்பார். அப்பாவுக்குப் பிறகு உரிமத்தைத் தன் பெயருக்கு மாற்ற அவர் அலைந்த அலைச்சலைச் சொல்ல ஆரம்பித்தால் இரண்டு காபி முடிந்துவிடும். இப்போதெல்லாம் புதிதாக ஒரு துப்பாக்கிக்கு உரிமம் வாங்குவது லேசான காரியம் இல்லை. இது போனால் போனதுதான் என்று அவருக்குத் தெரியும்.

சமையலறையைத் தாண்டி ஒரு சாமான் அறை இருந்தது. கான்கிரீட் தூண், கனத்த தரை, ஜன்னல் கிடையாது. கோபால்சாமி தூணைத் தட்டிப் பார்த்துவிட்டு, இங்கேதான் என்றார். நாச்சிமுத்து ஒத்துக்கொள்ளவில்லை. கனமான இரும்புப் பெட்டி என்றால் வீட்டின் தென்மேற்கு மூலையான கன்னி மூலையில்தான் இருக்க வேண்டும் என்று சோசியர் சொல்லியிருக்கிறார். கன்னி மூலை அவர்களுடைய படுக்கையறையில் இருந்தது. அங்கே ஏற்கெனவே ஒரு பீரோ நின்றது. அது அவர் மனைவி பாவாத்தாளின் நகைப் பீரோ.

கோபால்சாமி மிகுந்த மரியாதையோடு எடுத்துச் சொன்னார். இந்தப் பக்கத்தில் எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் திருடன் நேராகக் கன்னி மூலைக்குத்தான் போவான், அவனுக்கு வழி கேட்க வேண்டியதில்லை என்றார். நாச்சிமுத்து தலையாட்டிக் கேட்டுவிட்டு, "நீங்க சொல்றதும் வாஸ்தவந்தானுங்க. அப்ப அந்த மூலையிலேயே மாட்டிப்போடலாமுங்க" என்றார்.

பாவாத்தாள் கதவருகில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அவர் கேட்டது ஒன்றுதான்.

"அப்ப என்ற பீரோ எங்கீங்க போறது?"

"அது அக்கட்டால தள்ளிப் போகுது அம்மணி. அதுக்கென்ன இப்போ" என்றார் நாச்சிமுத்து.

பழைய பீரோ எதிர்ச் சுவருக்குப் போனது. நாங்கள் மூலையில் தரையைத் தோண்டி, கான்கிரீட் போட்டு, அது இறுகும்வரை காத்திருந்து மறுபடி வந்து, போல்ட் இறக்கினோம். இரண்டு சாவிகளையும் எப்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்று சொன்னோம். பூட்டை யாராவது அடித்துப் பெயர்த்தால் உள்ளே ஒரு ஸ்பிரிங் விடுபட்டு இரண்டாவது தாழ் விழும், அதற்குப் பிறகு சாவி போட்டாலும் திறக்காது, எங்களைத்தான் கூப்பிட வேண்டும் என்றும் சொன்னோம். பீரோ இருப்பது வெளியே தெரியக் கூடாது என்று கோபால்சாமி இரண்டு தடவை சொன்னார். நாச்சிமுத்து குரலைத் தாழ்த்தி, "உசுரு போனாலும் வெளிய போகாதுங்க" என்றார்.

அடுத்த வெள்ளிக்கிழமை பீரோவுக்குப் பூசை. ஒறம்பரை என்று சொல்லும் உறவுக்காரர்கள் எல்லோரையும் கூப்பிட்டிருந்தார்கள். பணம் வாங்கப் போன நானும் பந்தியில் உட்கார்ந்தேன். சாப்பிட்டு முடித்தவர்களைப் பத்துப் பத்துப் பேராக உள்ளே அழைத்துப் போய் நாச்சிமுத்து பீரோவைக் காட்டினார். இங்கே புது வீடு கட்டினால் குளியலறை குழாய்வரை திருகிக் காட்டுவார்கள். வந்தவர்களுக்குக் காட்டாமல் விடுவது அவர்களை நம்பாதது போல. போல்ட் எந்தத் திசையில் இறங்கியிருக்கிறது, தாழ் எப்படி விழும் என்று நான் சொன்னதை எல்லாம் அவர் என்னைவிடத் தெளிவாக விளக்கினார். ஒரு பெரியவர், எல்லாம் சரி, சாவி எங்கே இருக்கும் என்று கேட்டார். நாச்சிமுத்து அதையும் மறைக்கவில்லை.

சாவியை அன்றைக்கே இடம் மாற்றச் சொல்லிவிட்டு வந்தேன். மாற்றினார். அதனால்தான் திருடர்கள் கடப்பாரையை எடுக்க வேண்டியிருந்தது.

அவர்கள் நாள் பார்த்து வந்திருந்தார்கள். நாச்சிமுத்து குடும்பம் தாராபுரத்தில் ஓர் எழவுக்குப் போயிருந்தது. வீட்டார் கல்யாணத்துக்குப் போயிருந்தால் திருடனுக்கு லாபம் இல்லை, நகையெல்லாம் கழுத்தில் ஏறிப் போயிருக்கும். எழவுக்கு யாரும் நகை போட்டுக்கொண்டு போக மாட்டார்கள். எல்லாம் வீட்டில்தான் இருக்கும். இது தெரிந்தவர்கள் செய்த வேலை. பாவாத்தாளின் பழைய பீரோவைத் தகர டப்பா மாதிரி பிளந்திருந்தார்கள். உள்ளே போர்வையும் பழைய சேலைகளும்தான் இருந்தன, அவை தரையில் கிடந்தன. அதன் பிறகு மூலைக்கு வந்திருக்கிறார்கள். இரண்டாவது தாழ் விழுந்துவிட்டது. பீரோவைப் பெயர்க்கவும் முடியவில்லை. கடப்பாரை வளைந்ததும் அதைப் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள்.

விடியற்காலையில் பால் கறக்க வந்தவர் பார்த்துச் சொல்லி, நாச்சிமுத்துவும் பாவாத்தாளும் தாராபுரத்திலிருந்து திரும்பியிருந்தார்கள். எனக்குப் போன் வந்து, கம்பெனி வேனில் போய்ச் சேர்ந்த நேரத்தைத்தான் தொடக்கத்தில் எழுதினேன். நான் போன கொஞ்ச நேரத்தில் இன்ஸ்பெக்டரும் ஒரு ஏட்டும் வந்தார்கள்.

இன்ஸ்பெக்டர் தெற்கத்திக்காரர். அவர் பேச்சில் கொங்குக்காரர்கள் சொல்லுக்குச் சொல் சேர்க்கும் 'ங்க' கிடையாது. அதனால் அவர் சாதாரணமாகத் தண்ணீர் கேட்டாலும் வீட்டில் இருப்பவர்கள் என்ன தப்பு செய்தோம் என்று யோசித்தார்கள். உண்மையில் அவர் நிதானமான மனிதர். அறையை ஒருமுறை சுற்றி வந்தார், முருகன் படத்தின் முன் ஒரு கணம் நின்றார், பிறகு நாச்சிமுத்துவிடம் இந்தப் பீரோ இங்கே இருப்பது யார் யாருக்குத் தெரியும் என்று கேட்டார்.

"ஊருக்கே தெரியுமுங்க" என்றார் நாச்சிமுத்து.

"எப்படித் தெரியும்?"

"நாந்தானுங்க கூட்டியாந்து காட்டினேன்."

இன்ஸ்பெக்டர் பேனாவை மூடினார். நகை ஏதாவது போயிருக்கிறதா என்று பாவாத்தாளிடம் கேட்டார். நகை பத்திரமா இருக்குதுங்க என்றார் பாவாத்தாள். எங்கே என்று கேட்டதற்கும் பத்திரமா இருக்குதுங்க என்றே சொன்னார். புகார் இல்லாத நகையைப் பற்றி இன்ஸ்பெக்டர் மேற்கொண்டு கேட்கவில்லை. அவருடைய கவலை துப்பாக்கி. அது பீரோவுக்குள் இருக்கிறதா, போய்விட்டதா என்று கதவு திறந்தால்தான் தெரியும். கதவு மூடியிருக்கும்போது எப்படிப் போகும் என்று நாச்சிமுத்து கேட்டார். இன்ஸ்பெக்டர், தான் கண்ணால் பார்க்காத எதையும் எழுதுவதில்லை என்றார். இருந்தால் ஐந்து மணிக்குள் ஒப்படைக்க வேண்டும், கெடு தாண்டினால் தன்னால் ஒன்றும் செய்ய முடியாது, உரிமத்தை ரத்து செய்ய மேலே எழுத வேண்டி வரும். இல்லை என்றால் அது வேறு கேஸ். கதவு திறக்கும்போது தான் அங்கே இருக்க வேண்டும். இவ்வளவையும் சொல்லிவிட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

இவ்வளவு நாள் ஏன் ஒப்படைக்கவில்லை என்று நான் நாச்சிமுத்துவைத் தனியாகக் கேட்டேன். மக்காச்சோளம் கதிர் முற்றிய நேரம், பன்றி இறங்கும், கடைசி நாள்வரை வைத்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டார். எழவு வரும் என்று யாருக்குத் தெரியும். "எங்கப்பன் எனக்குன்னு உட்டுட்டுப் போனது காடும் இதுவுந்தானுங்க. எப்படியாச்சும் பொழுதோட தொறந்து குடுத்துப்போடுங்க" என்றார். அவர் சுவர்க் கடிகாரத்துக்கு நேர் எதிரே உட்கார்ந்தார், பிறகு அதைப் பார்க்க முடியாமல் எழுந்து போனார்.

இரண்டாவது தாழ் விழுந்த பீரோவைத் திறக்க, கதவில் ஒரு குறிப்பிட்ட இடத்தில் துளை போட்டு, வளைந்த கம்பியை உள்ளே விட்டுத் தாழைத் தூக்க வேண்டும். எந்த இடம் என்பதை இங்கே எழுதப் போவதில்லை. அந்த இடத்தில் கடினமான தகடு ஒன்று இருக்கும். டிரில் பிட் மழுங்கும், உடையும். பொறுமையாகச் செய்தால் நான்கு மணி நேரம். நான் கருவிகளைப் பரப்பி, டிரில்லை எடுத்து, பிளக்கைச் செருகினேன். அப்போது மின்சாரம் போனது. அன்று அந்தப் பகுதிக்கு மாதாந்திரப் பராமரிப்பு. காலை ஒன்பது முதல் மாலை ஐந்துவரை.

துப்பாக்கி ஒப்படைக்கும் கெடுவும் ஐந்து, மின்சாரம் வரும் நேரமும் ஐந்து. இதை ஏட்டுதான் முதலில் கவனித்தார். ஏட்டு அந்தப் பக்கத்துக்காரர், கனிவானவர். வந்ததும் தன் தடியைச் சமையலறைக் கதவுக்குப் பின்னால், ஒட்டடைக் குச்சிக்குப் பக்கத்தில் சாத்திவிட்டு, பாவாத்தாள் கொடுத்த இட்டிலியைச் சாப்பிட்டவர்.

நாச்சிமுத்து பந்தல்காரர் ஒருவரிடம் ஜெனரேட்டர் கேட்டு ஆள் அனுப்பினார். அது வேறொரு ஊர்க் கோயில் விசேஷத்தில் இருந்தது, கழற்றிக் கொண்டுவர நேரமாகும் என்றார்கள். நான் உளியை வைத்துக்கொண்டு பூட்டின் மேல்மூடியைக் கழற்றத் தொடங்கினேன். அதற்கு மின்சாரம் வேண்டியதில்லை.

பதினொரு மணி இருக்கும். காபி குடிக்க வாங்க அண்ணா என்று பாவாத்தாள் சமையலறையிலிருந்து கூப்பிட்டார். போனேன். காபியைக் கையில் கொடுத்துவிட்டு, வாசலில் இருக்கும் இன்ஸ்பெக்டரை ஜன்னல் வழியாக ஒருமுறை பார்த்தார்.

"ஏனுங்ண்ணா, அந்தப் பொட்டிய இன்னைக்கே தொறந்தாகோணுமுங்களா?"

"ஆமாங்க. துப்பாக்கியைக் குடுக்கோணுமல்லங்க."

"தொறந்தா துப்பாக்கி கெடைக்காதுங்களே."

நான் டம்ளரைக் கீழே வைத்தேன். அவர் பதற்றம் இல்லாமல், வீட்டுக் கணக்குச் சொல்வது போலச் சொன்னார். கன்னி மூலை மகாலட்சுமி இருக்கிற இடம். அங்கே போய்த் துப்பாக்கியை நிறுத்தினால் குடும்பத்துக்கு ஆகுமா. சோசியர் பெட்டியைத்தான் அங்கே வைக்கச் சொன்னார், உள்ளே என்ன வைப்பது என்று அவர் சொல்லவில்லை. அதனால் பூசை முடிந்த மறுவாரமே, கணவர் தோட்டத்துக்குப் போயிருந்தபோது வீட்டில் இருந்த இரண்டாவது சாவியை எடுத்துத் திறந்து, துப்பாக்கியை வெளியே வைத்துவிட்டு, தன் நகையையும் மகளுக்குச் சேர்த்து வைத்த நகையையும் அதில் வைத்துவிட்டார். பன்றி விரட்ட நாச்சிமுத்து துப்பாக்கி கேட்டால் இவரே எடுத்துக் கொண்டுபோய்க் கொடுப்பார், திரும்பியதும் இவரே வாங்கி வைப்பார். இந்த ஒன்றரை வருடமாக நாச்சிமுத்து அந்தப் பீரோவைத் திறந்ததே இல்லை. சாவி இடுப்பில் இருந்தால் போதும் என்று நினைக்கிற மனிதர்.

"துப்பாக்கி இப்ப எங்கீங்க?" என்று கேட்டேன்.

அவர் கதவுக்குப் பின்னால் கண்ணைக் காட்டினார். ஒட்டடைக் குச்சி இருந்தது. ஏட்டின் தடி இருந்தது. இரண்டுக்கும் நடுவில் பழைய வேட்டி சுற்றிய நீளமான ஒன்று இருந்தது.

திருடர்கள் இந்தக் கதவு வழியாகத்தான் உள்ளே வந்திருந்தார்கள்.

பாவாத்தாளின் யோசனை இதுதான். இன்ஸ்பெக்டர் சாப்பிடப் போகும் நேரத்தில் நான் கதவைத் திறந்துவிட வேண்டும். நகையைப் பாவாத்தாள் எடுத்துக்கொள்வார், துப்பாக்கியை உள்ளே வைத்துவிடுவார், நான் மறுபடி மூடிவிட வேண்டும். பிறகு எல்லோர் முன்னிலும் திறக்கலாம். மின்சாரம் இல்லை என்பதை மறந்துவிட்டார். நான் யோசித்துச் சொல்கிறேன் என்று கொல்லைப்புறம் போய்க் கோபால்சாமிக்குப் போன் செய்தேன்.

அவர் முழுவதையும் குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு, "சார்" என்றார்.

நான் போனை இடது காதுக்கு மாற்றினேன்.

"சார், நீங்க அந்த அம்மாகிட்ட ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க சார். கதவு தொறக்கறதுக்கு முந்தித் துப்பாக்கியக் குடுத்தா ஒரு கேள்வி வரும். தொறந்து பார்த்து இல்லைன்னு ஆனப்பறம் குடுத்தா பத்துக் கேள்வி வரும். நீங்க ஆள் இல்லாத நேரத்துல தொறந்து மூடினா, கேள்வி உங்ககிட்ட வரும் சார். அப்பறம் கம்பெனிக்கு வரும் சார். போய் வேலையப் பாருங்க சார்."

நான் எண்ணிப் பார்த்தேன். ஒரே மூச்சில் ஐந்து சார். அவரிடம் அதுவரை யாரும் அவ்வளவு வாங்கியதில்லை.

திரும்பி வந்து பாவாத்தாளிடம் அப்படியே சொன்னேன். அவர் அடுப்பில் இருந்த பாலைப் பார்த்துக்கொண்டே கேட்டார். பால் பொங்கியதும் இறக்கி வைத்தார். சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டார். கதவுக்குப் பின்னால் போய், ஏட்டின் தடியைச் சற்று நகர்த்திவிட்டு, வேட்டி சுற்றியதை இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டு வாசலுக்கு நடந்தார். நான் பின்னால் போனேன்.

இன்ஸ்பெக்டர் முன்னால் இருந்த ஸ்டூலில் காலித் தட்டு ஒன்று இருந்தது. பாவாத்தாள் அதை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் துப்பாக்கியை வைத்து வேட்டியைப் பிரித்தார்.

"துப்பாக்கி இதுங்க. பொட்டிக்குள்ள இருக்கறது நகைங்க. அதைத் தொறக்கறப்ப உங்க ஆளுக கொஞ்சம் வெளிய இருந்தா நல்லதுங்க."

நாச்சிமுத்து துப்பாக்கியைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், இடுப்பில் இருந்த சாவியைத் தொட்டுப் பார்த்தார். "அம்மணி" என்றார்.

இன்ஸ்பெக்டர் துப்பாக்கியைத் திறந்து குழல் காலியாக இருக்கிறதா என்று பார்த்தார். அதில் இருந்த எண்ணை உரிமத்தோடு ஒப்பிட்டார். பிறகுதான் நிமிர்ந்தார்.

"இது எங்கம்மா இருந்துச்சு?"

"சமையக்கட்டுக் கதவுக்குப் பின்னாலங்க. ஏட்டய்யா தடி வெச்சிருக்காருங்களே, அதுக்குப் பக்கத்துலங்க."

இன்ஸ்பெக்டர் ஏட்டைப் பார்த்தார்.

"தடிய எப்ப அங்க வச்சீரு?"

"வந்ததும் வெச்சனுங்க ஐயா. எட்டரை இருக்குமுங்க."

"பக்கத்துல என்ன இருந்துச்சு?"

"ஒட்டடைக் குச்சிங்க ஐயா" என்றார் ஏட்டு. கொஞ்சம் யோசித்து, "ரெண்டு ஒட்டடைக் குச்சின்னு நெனச்சனுங்க" என்றார்.

இன்ஸ்பெக்டர் எழுந்து சமையலறைக்குப் போனார். கதவுக்குப் பின்னால் பார்த்தார். அந்த இடத்துக்கும் அவர் உட்கார்ந்திருந்த நாற்காலிக்கும் நடுவே இருந்த தூரத்தையும் பார்த்தார். பூட்டி வைக்க வேண்டிய துப்பாக்கி வெளியே இருந்தது என்று எழுதினால், காலை எட்டரையிலிருந்து அது எங்கே, எதற்குப் பக்கத்தில் இருந்தது என்றும் எழுத வேண்டும். அந்த இடத்தில் தேடியது யார் என்ற கேள்வி மேலிருந்து வரும். அவர் இதில் எதையும் வாய்விட்டுச் சொல்லவில்லை. நாற்காலிக்குத் திரும்பி வந்து உட்கார்ந்து, எழுதும் என்று ஏட்டிடம் சொன்னார்.

"திருட்டு முயற்சி. துப்பாக்கி வீட்டுலயே பத்திரமா இருந்துச்சு. இன்னைக்கே ஒப்படைக்கப்பட்டது."

"பத்திரமாங்கறது சேத்தோணுமுங்களா ஐயா?"

"ஒரு காவலர் தடியும் கையுமா பக்கத்துலயே இருந்திருக்காரு. பத்திரம் இல்லாம என்ன?"

ஏட்டு எழுதினார். இன்ஸ்பெக்டர் பாவாத்தாளைத் தனியாக அழைத்து, துப்பாக்கி பூட்டுக்குள் இருக்க வேண்டும் என்பது சட்டம், அடுத்த முறை வெளியே கண்டால் தான் பேசப்போவதில்லை, கலெக்டர் ஆபீஸ் பேசும் என்றார். சரிங்க என்றார் பாவாத்தாள். இன்ஸ்பெக்டரும் ஏட்டும் நாச்சிமுத்துவும் ஜீப்பில் துப்பாக்கியோடு கிளம்பினார்கள். பகல் ஒரு மணிக்கு ரசீது வாங்கிவிட்டதாக நாச்சிமுத்து போன் செய்தார். குரல் தெளிந்திருந்தது. மனைவியிடம் போனைக் கொடுக்கச் சொல்லவில்லை.

ஜெனரேட்டர் இரண்டு மணிக்கு டிராக்டரில் வந்தது. கோயில் விசேஷத்தின் சீரியல் விளக்குச் சரத்தைக் கழற்ற நேரமில்லாமல் அப்படியே கொண்டுவந்திருந்தார்கள். அதைத் தனியாக நிறுத்தத் தெரியவில்லை. நான் துளை போட்ட நேரம் முழுக்க வாசலில் சிவப்பும் பச்சையுமாக எரிந்து அணைந்துகொண்டிருந்தது. ஊர்க்காரர்கள் சிலர் என்ன விசேஷம் என்று கேட்டு வந்தார்கள். பிட் இரண்டு உடைந்தது. மாலையில் தாழ் எழும்பியது. கதவு அசைந்ததும் நான் திறக்காமல் எழுந்து வெளியே போய் நின்றேன். பாவாத்தாள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து வந்து, "எல்லாம் இருக்குதுங்ண்ணா. பொட்டி நல்ல பொட்டிதானுங்க" என்றார்.

பட்டறைக்குத் திரும்பி வேனை விட்டு இறங்கியபோது கோபால்சாமி வாசல் கேட்டுக்கு வந்திருந்தார். துப்பாக்கி போய்ச் சேர்ந்துவிட்டதா, அதைக் கொடுப்பதற்கு முன்னால் கதவைத் திறந்துவிடவில்லையே என்று இரண்டைத்தான் கேட்டார். இரண்டுக்கும் பதில் சொன்னேன். "சாப்பிட்டியா கண்ணு?" என்றார்.

தேர்தல் முடிந்து துப்பாக்கி வீட்டுக்கு வந்தது. நாச்சிமுத்து எங்களைக் கூப்பிட்டு இன்னொரு துப்பாக்கிப் பீரோ கேட்டார். இந்த முறை சோசியரைக் கேட்கவில்லை. சாமான் அறைத் தூணோடு சேர்த்து, கோபால்சாமி முதலில் சொன்ன இடத்திலேயே மாட்டினோம். பூசைக்கு ஒறம்பரை யாரையும் கூப்பிடவில்லை. இரண்டு சாவியையும் நாச்சிமுத்து வாங்கி, ஒன்றைப் பாவாத்தாளிடம் கொடுத்தார்.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய மாதம், பூட்டுக்கு எண்ணெய் போட அந்த வீட்டுக்குப் போனேன். நாச்சிமுத்து தோட்டத்தில் இருந்தார். பாவாத்தாள் சாமான் அறையைத் திறந்துவிட்டு, சாவியைக் கொடுத்துவிட்டுக் காபி போடப் போனார். பீரோவைத் திறந்தேன். உள்ளே துப்பாக்கியை நிறுத்தும் பள்ளம்வரை பட்டுச் சேலைகள் அடுக்கியிருந்தன.